குழந்தைக்கு எந்தப் புத்தகம், எந்தப் படம்? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறையை ஒட்டி, பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள், காமிக்ஸ், குடும்பத்தோடு பார்க்கும் படங்கள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஏழு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரில் ஒரு பாலர் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கதை சொன்னவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

என் மகனுக்கு மூன்று வயது. மலிவு விற்பனையில் பன்னிரண்டு படப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். ஒன்றை மட்டும் இரவுதோறும் படிக்கச் சொல்கிறான். மற்றவை அலமாரியிலேயே இருக்கின்றன. என் தேர்வில் என்ன பிழை, அம்மா?
– ஒரு தாய், செந்தூல்

பன்னிரண்டில் ஒன்று பிடித்துப்போயிற்று என்றால் அது நல்ல கணக்குத்தான். மூன்று வயதுப் பிள்ளை ஒரே கதையை முப்பது முறை கேட்பதற்குக் காரணம், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்பது தனக்கு முன்கூட்டியே தெரியும் என்ற பெருமையும், தெரிந்தது தெரிந்தபடியே வந்து சேர்கிறது என்ற நிம்மதியும்தான். ஒரு சொல்லை மாற்றிப் படித்துப் பாருங்கள். எழுத்தே தெரியாத உங்கள் மகன் உங்களைத் திருத்துவான்.

அந்த ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற பதினொன்றில் இல்லாத எது அதில் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு காரணங்கள் அகப்படும். ஒன்று, வாய்விட்டுப் படிக்கும்போது அதன் வரிகள் நாவில் தடுக்காமல் ஓடும். மற்றொன்று, எழுத்து சொல்லாத ஏதோ ஒன்றை அதன் படம் சொல்லும். ‘பாட்டி சந்தைக்குப் போனாள்’ என்று எழுத்து அத்தோடு நின்றுவிடுகிறது. பாட்டியின் பைக்குள் பூனை ஒன்று ஏறி உட்காருவதைப் படம் மட்டுமே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்த நாம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே போய் அந்தப் பூனையைத் தவறவிடுவோம். படிக்கத் தெரியாத பிள்ளை முதலில் பார்ப்பது பூனையைத்தான். அம்மாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட அந்தப் பக்கத்துக்காகவே அவன் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப நீட்டுவான்.

ஆகையால் அடுத்த முறை கடையில் நின்றபடியே நான்கு பக்கங்களை மெல்லிய குரலில் படித்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள்தாம். அச்சுத்தாளை மடித்தால் பதினாறு பதினாறாக விழுவதால் வந்த வழக்கம் அது. நான்கு பக்கம் படித்தாலே நடை பிடிபட்டுவிடும். அங்கேயே நாக்கு தடுக்கினால், வேலை முடிந்து களைத்து உட்காரும் இரவு ஒன்பது மணிக்கு இன்னும் தடுக்கும். பிறகு எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். கதையில் பாதியாவது படத்திலிருந்தே புரிந்தால் வாங்கலாம். அட்டையில் அச்சிட்டிருக்கும் வயதுக் குறிப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும் புத்தகங்களை வாங்குவதே இல்லை. மின்கலம் தீர்ந்த பிறகு அவற்றில் புத்தகம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த தமிழ்க் கதைப் புத்தகத்தை நான்கு வயது மகளுக்குப் படித்தேன். ‘சென்றுகொண்டிருந்தபொழுது’ என்றதும் விழித்தாள். ஏற்றம், மாட்டுவண்டி என்று அவள் பார்த்தே இராத பொருள்கள் வேறு. ஆங்கிலப் புத்தகம் என்றால் உடனே புரிகிறது. பேசாமல் ஆங்கிலத்துக்கே மாறிவிடலாமா?
– ஒரு தந்தை, ஆயர் ஈத்தாம், பினாங்கு

மாற வேண்டாம். ஆனால் உங்கள் மகள் விழித்ததில் நியாயம் இருக்கிறது. வீட்டில் நாம் ‘போய்க்கிட்டு இருந்தப்ப’ என்கிறோம். புத்தகம் ‘சென்றுகொண்டிருந்தபொழுது’ என்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இவை இரண்டும் ஒரே மொழி என்பது யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். அதைச் சொல்வதற்கு நான் கைக்கொண்ட வழி இதுதான்: முதல் இரண்டு மூன்று நாள்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டி, நம் பேச்சுத் தமிழிலேயே கதையைச் சொல்லிவிடுவேன். கதை நன்றாகப் பதிந்த பிறகு, ஒரு நாள் அச்சில் உள்ளபடியே படிப்பேன். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் புதிய சொல் பிள்ளையை மிரட்டுவதில்லை. கொஞ்ச நாளில் விளையாட்டாக, ‘பாட்டி சென்றுகொண்டிருந்தாளாம்!’ என்று நீட்டி முழக்கத் தொடங்கிவிடும்.

மாட்டுவண்டியைக் கண்டும் அஞ்ச வேண்டாம். உங்கள் மகள் கடற்கன்னியையும் டைனோசரையும்கூடப் பார்த்ததில்லை. அவை வரும் புத்தகங்களை வேண்டாம் என்றா சொல்கிறாள்? பார்த்திராத பொருளைப் படம் தெளிவாகக் காட்டினால் போதும். படம் மங்கலாகவோ, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுபோலவோ இருந்தால்தான் சிக்கல். விலை குறைவு என்பதற்காக நாம் வாங்கும் பல தமிழ்ப் புத்தகங்களில் அந்தக் குறையைக் கண்டிருக்கிறேன். கதை நன்றாக இருந்தும் சிங்கத்துக்கும் நரிக்கும் ஒரே முகமாக இருக்கும். அதே சமயம், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையும் அடுக்குமாடி மின்தூக்கியும் வரும் தமிழ்ப் படப் புத்தகங்கள் நம் பிள்ளைகளுக்கு இன்னும் நிறைய வேண்டும் என்ற உங்கள் மனக்குறையில் எனக்கும் பங்குண்டு. அதுவரை, படத்தில் உள்ள கிணற்றடியைக் காட்டி, உங்கள் தாத்தா வாழ்ந்த ரப்பர் தோட்டத்து லயத்துக் கதையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேடிப் பார்க்கவேண்டிய இடங்கள் சில. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழிப் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. தமிழ் அறிந்த தாயும் தமிழ் படிக்க வராத தந்தையும் உள்ள வீட்டுக்கு அவை மிகவும் ஏற்றவை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசிப்பு நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்து வைத்திருக்கிறார்கள், தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை தந்திருக்கிறார்கள். நிலை ஒன்றில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தாம் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். பாட்டு வேண்டுமென்றால் அழ. வள்ளியப்பா இருக்கவே இருக்கிறார். அவருடைய குழந்தைப் பாடல்களில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் சண்டை போடுவதே இல்லை. சந்தம் இரண்டையும் சேர்த்து இழுத்துப் போய்விடும்.

என் பேரனுக்கு எட்டு வயது. காமிக்ஸ் தவிர எதையும் தொடமாட்டான். ‘இதெல்லாம் படிப்பில் சேர்த்தியா’ என்று என் மகள் கடிகிறாள். நானோ சிறு வயதில் முத்து காமிக்ஸ் படித்தே தமிழ் கற்றவன். அந்தப் பழைய இதழ்கள் சில இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை அவனுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாத்தா, பட்டர்வொர்த்

ஐயா, பெட்டியைத் திறவுங்கள். ஆனால் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கத்தில் உட்காருங்கள். காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மகளின் கவலை புதிதல்ல. சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் அமெரிக்காவில் எழுந்து, செனட் சபை விசாரணை வரை போய், 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். கடைசியாக அதைக் கடைப்பிடித்துவந்த நிறுவனங்களும் 2011இல் கைவிட்டன. நம் பக்கத்தில் 1947இல் வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமாவை மடியில் மறைத்து வைத்துப் படித்தவர்களும், 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் பிரிட்டன் நாட்டு வீரர்கள் தூய தமிழ் பேசியதைக் கண்டு மயங்கியவர்களும்தான் இன்று தாத்தாக்களாகிப் பேரனுக்குப் பரிந்து கடிதம் எழுதுகிறீர்கள்.

காமிக்ஸ் படிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு பக்கத்தை எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் ஒருவன் கதவுக்கு வெளியே நிற்கிறான். அடுத்த கட்டத்தில் அறைக்குள் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. இடையில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதவில்லை; இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் பிள்ளைதான் அதை எழுதிக்கொள்கிறது. யார் முதலில் பேசினார்கள், எது வாய்ப்பேச்சு, எது மனத்துக்குள் நினைத்தது என்பனவற்றைக் குமிழியின் வடிவத்தைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் பிரித்தறிகிறது. ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்கா என்றால் வலமிருந்து இடமாகவே படிக்கிறது. இதைப் படிப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1978இல். அதற்கு முந்தைய இதழ்களில் ‘லை’, ‘ணை’, ‘னை’ ஆகியவை யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த கொம்போடும், ‘றா’, ‘னா’ ஆகியவை கீழே சுழித்தும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு அவை தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் அது தாத்தாவும் பேரனும் மட்டும் அறிந்த இரகசிய எழுத்து. நீங்கள் இல்லாவிட்டால் அது மூன்றாம் பக்கத்தோடு மூடப்படும் புத்தகம்.

மகளின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். கட்டம் போட்டு வரைந்ததெல்லாம் பிள்ளைகளுக்கானது அல்ல. துப்பறியும் கதைகளிலும் கௌபாய்க் கதைகளிலும் சாவு மலிவு. புராணச் சித்திரக்கதை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம், அதில் அறுபட்ட தலை உருளும் பக்கம் எட்டு வயதுக்குத் தாங்கும், நான்கு வயதுக்குத் தாங்காது. முழுவதையும் நீங்கள் ஒருமுறை புரட்டிவிட்டே கொடுங்கள். உள்ளூர்ப் படைப்பு ஒன்றும் சேர்க்க விரும்பினால், நம் நாட்டுக் கேலிச்சித்திரக் கலைஞர் லாட் 1979இல் வெளியிட்ட, பேராக் மாநிலத்துக் கம்பத்துச் (கிராமத்துச்) சிறுவனின் கதையைத் தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகள்தாம். ஈயம் அலசும் ஓடையும் பள்ளிக்கூடமும் அதில் உயிரோடு இருக்கின்றன. சுன்னத்துச் சடங்கு வரும் பக்கங்களில் பேரன் நிச்சயம் கேள்வி கேட்பான். பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்.

தீபாவளிக்குக் குடும்பமாகத் தமிழ்ப்படம் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். சென்ற முறை ஐந்து வயது மகன் பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு அழுதான். ‘பழகிவிடும்’ என்கிறார்கள் மாமனார் வீட்டில். பழகுமா?
– ஒரு தாய், செராஸ்

பழகும், எதற்குப் பழகுகிறான் என்பதுதான் கேள்வி. என் அக்கா மகளை, அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, கதாநாயகனைக் ‘குழந்தைகளுக்குப் பிடித்தவர்’ என்று நம்பி அழைத்துப் போனேன். இடைவேளைக்குள் பதினொரு பேர் செத்தார்கள்; எண்ணிச் சொன்னது அவள்தான். எழுந்து வந்துவிட்டோம். டிக்கெட் காசு போயிற்று என்ற வருத்தத்தில் அன்று நான் அவளிடம் கொஞ்சம் கடிந்து பேசியதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நம் மலேசியத் திரைப்படத் தணிக்கை வாரியம் படங்களை யூ, பி12, 13, 16, 18 என்று வகைப்படுத்துகிறது. யூ எல்லாருக்கும் உரியது. பி12 என்றால் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கவேண்டியது. மற்றவை அந்தந்த வயதை எட்டியவர்களுக்கு. இந்தியாவில் ‘யூஏ’ என்று பொதுவாக இருந்த சான்றிதழை 2024இல் 7, 13, 16 என மூன்று வயது நிலைகளாகப் பிரித்துவிட்டார்கள். முன்னோட்டத்தில் இந்தியச் சான்றிதழைப் பார்த்துவிட்டு இங்கே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரியமும் தனித்தனியே முடிவு செய்பவை, ஒரே படத்துக்கு வேறு வேறு முடிவு வரலாம். டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் படத்தின் பெயருக்கு அருகில் இருக்கும் குறியைப் பாருங்கள்.

யூ குறி இருந்தாலும் ஒலியின் அளவை யாரும் தணிக்கை செய்வதில்லை. உங்கள் மகன் கண்ணை அல்ல, காதைத்தான் பொத்தினான் என்பதைக் கவனியுங்கள். பின்வரிசையில், நடைபாதை ஓரமாக இருக்கை எடுங்கள். வெளியே போகவேண்டும் என்று அவன் சொன்னால் உடனே போகலாம் என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள். மாமனார் வீட்டாருக்கு ஒரு யோசனை: பெரியவர்கள் படத்துக்குப் போகட்டும், யாராவது ஒருவர் பிள்ளையோடு வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருக்கட்டும். ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் சண்டையும் வராது.

இரண்டு வயது மகளுக்குச் சோறு ஊட்டவேண்டுமானால் கைப்பேசியில் தமிழ்ப் பாட்டுக் காணொளி ஓடவேண்டும். தமிழ்தானே கேட்கிறாள் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். சரியா?
– ஒரு தாய், கெப்போங்

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம், குறைந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. மூன்று வேளைச் சோற்றுக்கும் காணொளி ஓடினால் அந்த ஒரு மணி நேரம் எளிதில் தீர்ந்துவிடும். தமிழ் கேட்கிறாள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தமிழ் அவளுக்குப் பதில் சொல்வதில்லை. நீங்கள் அதே பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடி, நடுவில் நிறுத்தினால், விட்ட சொல்லை அவள் எடுத்துக் கொடுப்பாள்.

உடனே நிறுத்த முடியாவிட்டால் ஒரு வேளையிலிருந்து தொடங்குங்கள். தானாகவே அடுத்த காணொளிக்குத் தாவும் வசதியை அணைத்து வையுங்கள். 2017இல் பெரிய சர்ச்சையானதும் இதனால்தான்: பிள்ளைகள் அறிந்த கார்ட்டூன் பாத்திரங்களின் உருவில் வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் இடையில் புகுந்து, பெற்றோர் சமையலறையில் இருந்தபோது ஓடிக்கொண்டிருந்தன. யூடியூப் கிட்ஸில் வயதைக் குறித்து வைக்கலாம், நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படியும் செய்யலாம். அந்த இரண்டாவது வழிதான் எனக்கு நிம்மதி தருவது.

நல்ல படப் புத்தகம் ஒன்று ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வரை போகிறது. கட்டுப்படியாகவில்லை.
– ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்

நூலகம் இருக்கும்போது எல்லாவற்றையும் வாங்கவேண்டியதில்லை. துன் ரசாக் சாலையில் தேசிய நூலகமும், மெர்டேக்கா சதுக்கத்தின் அருகில் கோலாலம்பூர் நூலகமும் உங்களுக்குத் தொலைவில் இல்லை; பினாங்கு வாசகர்களுக்கு செபராங் ஜெயாவில் மாநில நூலகத்தின் தலைமையகம் உண்டு. தமிழ்ப் பகுதி சிறியதாக இருந்தால் கோரிக்கைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்பவர் இல்லையென்றால் வாங்கமாட்டார்கள். இரவல் வாங்கியதில் பிள்ளை திருப்பித் தர அழுதது எதுவோ அதை மட்டும் விலைக்கு வாங்குங்கள். வருமான வரி செலுத்துபவரானால் ரசீதை எறிந்துவிட வேண்டாம். வாழ்க்கைமுறை வரிவிலக்கான 2,500 ரிங்கிட்டுக்குள், கணினி, இணையக் கட்டணம் ஆகியவற்றோடு புத்தகச் செலவும் சேரும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது விதி.

என் ஐந்து வயது மகள் தன்னை வரையும்போதெல்லாம் முகத்துக்கு வெளிர் ரோஜா நிறமும் தலைக்கு மஞ்சள் நிறமும் பூசுகிறாள். எங்கள் வீட்டில் யாரும் அந்த நிறம் இல்லை. புத்தகங்களால்தானா?
– ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

பெரும்பங்கு புத்தகங்களாலும் கார்ட்டூன்களாலும்தான். வீட்டில் உள்ள படப் புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்பி, அட்டைகளில் உள்ள முகங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். எங்கள் பாலர் பள்ளியில் ஒருமுறை அப்படிப் பரப்பியபோது, கறுத்த முகம் கொண்ட பிள்ளையைவிடக் கரடிகள் அதிகம் இருந்தன. வாங்கியவள் நான்தான்.

தொலைக்காட்சியில் நிலைமை கொஞ்சம் தேவலாம். 2007இல் நோன்பு மாதத்துக்காகத் தொடங்கிய உப்பின் இப்பின் என்ற மலேசியக் கார்ட்டூன் தொடரில் முத்து அண்ணன் கடையும் அவர் மகன் ராஜுவும் வருகிறார்கள். 2011இல் வந்த போபோய்போய் என்ற இன்னொரு தொடரில் கோபால் இருக்கிறான். கோபால் எதற்கெடுத்தாலும் பயப்படுபவனாகவும் தீனிப் பிரியனாகவும் இருப்பதில் எனக்கு முணுமுணுப்பு உண்டு. ஆனால் என் வகுப்புப் பையன்களுக்கு அவனைத்தான் மிகவும் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

மகளிடம் ‘உன் நிறம் இதில்லை’ என்று திருத்தவேண்டாம்; அது குற்றம்போல அவள் மனத்தில் விழும். உங்கள் மகளைப் போன்ற பெண் மரம் ஏறுவதாகவோ, நாய்க்குட்டியைத் தேடுவதாகவோ, பல் விழுந்து அழுவதாகவோ வரும் கதையாகத் தேடுங்கள். நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் புத்தகத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். தூலிகா போன்ற இந்தியப் பதிப்பகங்களின் புத்தகங்களில் அத்தகைய முகங்கள் இயல்பாகவே வரும். வண்ணப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். பன்னிரண்டு குச்சிகள் கொண்ட சிறிய பெட்டியில் பழுப்பு ஒன்றுதான் இருக்கும், அதையும் மரத்துக்கும் நாய்க்கும் தீட்டித் தீர்த்திருப்பாள். பழுப்பிலேயே நான்கைந்து வகை உள்ள பெரிய பெட்டியாக வாங்கி வந்து, முதலில் உங்களை வரையச் சொல்லி அவள் எதிரில் உட்காருங்கள். எந்தக் குச்சி அம்மாவுக்குப் பொருந்தும் என்று உங்கள் கையோடு வைத்து அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.